அடைக்கோழியை எழுப்பாதீங்க!

காந்திபுரத்துல சாயங்காலமா க்ராஸ்கட் ரோட்டுல ஆரம்பிச்சு நூறடி ரோடு வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்க. எத்தனை போர்டுல "நாட்டுக்கோழி"ன்னு எழுதியிருக்குன்னு எண்ணினா ரெண்டு கை விரல் பத்தாது. நாட்டுக்கோழி பிரியாணி, நாட்டுக்கோழி சூப்பு, நாட்டுக்கோழி பள்ளிபாளையம்... ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு ஒரே கேள்விதான். இத்தனை நாட்டுக்கோழி எங்கிருந்துங்க வருது?

சின்னதா ஒரு கணக்குப் போடலாம். தோட்டத்துல மேய்ஞ்சு வளர்ற ஒரு பெட்டைக்கோழி ஒரு சுத்துக்கு 12-லிருந்து 15 முட்டை வைக்கும். அப்புறம் 21 நாள் அடையில உக்காரும். பொரிச்ச பிறகு ரெண்டு மூணு மாசம் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுத் திரியும். ஆக வருஷத்துக்கு மூணு சுத்து வந்தா பெரிய விஷயம். பருந்து, கீரி, பூனை, கழிச்சல்னு எல்லாத்துக்கும் பங்கு போக ஒரு சுத்துக்கு ஏழெட்டுத் தேறும்னு வைங்க. ஒரு கோழிக்கு வருஷத்துக்கு இருபது, இருபத்தஞ்சு. அதுவும் கறிக்கு ஆக அஞ்சாறு மாசம் பிடிக்கும். இந்த வேகத்துல பொரிச்சு இந்த ஊருக்குப் பிரியாணி போட முடியாது. அதனால பெரும்பாலும் வர்றது ஹேச்சரியில மெஷின்ல பொரிச்சு, பண்ணையில வளர்த்த கலப்பு ரகம்.

அதைச் சாப்பிடக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை. நானும் சாப்பிடறேன். ஆனா எது நாட்டுக்கோழின்னு கேட்டா கொண்டை, கால் நிறம், இறகுன்னு ஆளாளுக்கு ஒரு அடையாளம் சொல்றாங்க. எனக்கு ஒரே ஒரு அடையாளம்தான். முட்டையை அடியில வெச்சா அது அடைக்குப் படுக்குமா? படுத்து, பொரிச்சு, குஞ்சைக் காப்பாத்தி வளர்க்குமா? அப்படின்னா அது நாட்டுக்கோழி.

இது சயின்ஸ் புத்தகத்துல போடற வரையறை இல்லைன்னு எனக்கும் தெரியும். மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத், 2018-ல புவிசார் குறியீடு எல்லாம் வாங்கின அசல் நாட்டு இனம். ஆனா அடையில சுமார் ரகம்தான். அது விதிவிலக்கு. நம்மூருச் சிறுவிடையும் பெருவிடையும் அப்படி இல்லை. அதுலயும் சிறுவிடையை அடிச்சுக்க ஆளே கிடையாது. உடம்பு லேசு, முட்டை உடையாது, குஞ்சுக்கு ஒண்ணுன்னா பருந்து மேலயே பாயும்.

சரி, இந்த அடைங்கற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எங்க அம்மாயி "அவயம்"னுதான் சொல்லும். "கோழி அவயத்துக்கு உக்காந்துருச்சு, கிட்டப் போகாத கண்ணு"ன்னு. நாம பார்க்கறப்போ அது சும்மா உக்காந்திருக்கற மாதிரிதான் இருக்கும். உள்ள நடக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டா அதுமேல தனி மரியாதையே வந்துரும்.

முதல் விஷயம், பன்னெண்டு முட்டையை ஒரே நாள்ல வைக்க முடியாது. பதினஞ்சு நாளுக்கு மேல ஆகும். ஆனா எல்லாக் குஞ்சும் கிட்டத்தட்ட ஒரே நாள்ல வெளிய வந்தாகணும். முன்ன பின்ன வந்தா, முன்னாடி வந்ததை மேய்க்கறதா, பின்னாடி வர்றதுக்கு உக்காந்திருக்கறதான்னு தாய்க்குத் திண்டாட்டம். அதுக்குக் கோழி கண்டுபிடிச்ச வழி, கடைசி முட்டை வர்ற வரைக்கும் சூடு கொடுக்காம இருக்கறது. முட்டையை இட்டுட்டு எந்திரிச்சுப் போயிரும். சூடு படாத முட்டைக்குள்ள கரு தூங்கிக்கிட்டே இருக்கும். எண்ணிக்கை சேர்ந்ததும் உடம்புல புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறும். பால் கொடுக்கற உயிர்களுக்குப் பால் சுரக்க வைக்கற அதே ஹார்மோன்தான். முட்டையிடறது நின்னுபோகும். நெஞ்சுல இறகு உதிர்ந்து தோல் வெளிய தெரியும். அந்த வெறும் தோல் நேரா முட்டை மேல படறதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

அப்புறம் 21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எந்திரிக்கும். தீனி, தண்ணி, ஒரு மண்குளியல், மூக்கைப் பொத்த வைக்கற ஒரு பெரிய எச்சம் :-) எல்லாம் கால் மணி, இருபது நிமிஷத்துல முடிச்சுட்டுத் திரும்பி ஓடும். மெஷின்ல 37.5 டிகிரி வைக்கணும், ஈரப்பதம் முதல் 18 நாள் 55-60 சதவீதம், கடைசி மூணு நாள் அதுக்கும் மேல, முட்டையைத் தினமும் பல தடவை திருப்பணும், திருப்பாட்டி கரு ஓட்டுல ஒட்டிக்கும்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. கோழிக்கு மேனுவல் கிடையாது. அலகால ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடுவுல இருக்கறதை ஓரத்துக்கும் ராத்திரி பகல்னு தள்ளிக்கிட்டே இருக்கும்.

பத்தொன்பது, இருபதாவது நாள்ல முட்டையைக் காதுல வெச்சுக் கேட்டிருக்கீங்களா? உள்ள இருந்து கீச்சு கீச்சுன்னு சத்தம் வரும். தாயும் பதிலுக்கு மெதுவா ஒரு குரல் கொடுக்கும். இன்னும் வெளியவே வராத பிள்ளையோட பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சு. வெளிய வர்றதுக்கு முன்னாடியே மஞ்சக்கருவோட மிச்சம் குஞ்சு வயித்துக்குள்ள போயிரும். அதை வெச்சு ரெண்டு மூணு நாள் தீனி தண்ணி இல்லாமலேயே தாக்குப்பிடிக்கும். முதல்ல பொரிச்சது தாய் வயித்துக்கடியில காத்திருக்க, கடைசியா வர்றதுக்காகத் தாய் உக்காந்திருக்கலாம். இந்த ஒரு சௌகரியத்தை வெச்சுத்தான் ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில போட்டு ஊர் ஊரா அனுப்பற வியாபாரமே நடக்குது. கோழி தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோத்தை நாம லாரி வாடகைக்குப் பயன்படுத்திக்கிட்டோம்.

நிற்க. மெஷின் ஒண்ணும் புதுசு இல்லை. எகிப்துல ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாடியே மண் சூளை மாதிரி கட்டி ஆயிரக்கணக்குல பொரிச்சிருக்காங்க. அமெரிக்காவுல பெட்டலூமாங்கற ஊர்ல 1879-ல வந்த இன்குபேட்டர் அந்த ஊரையே முட்டை ஊராக்கிச்சு. நம்ம பக்கம் நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் பிராய்லருக்கும் பேர் வாங்கினதுக்குப் பின்னாடி இருக்கறதும் அதே மெஷின்தான். எத்தனையோ குடும்பம் அதுல பொழைக்குது. மறுக்கலை.

என் பிரச்னை வேற. மெஷின் வந்ததும், எந்தக் கோழியோட வம்சம் பெருகும்ங்கற விதியே தலைகீழா மாறிப்போச்சு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பழைய முறையில, அடைக்குப் படுக்காத கோழிக்கு வம்சமே கிடையாது. அது முட்டை மட்டும் வைக்கும், நாம வறுத்துச் சாப்பிட்டுருவோம். நல்லா அடை காத்து, குஞ்சைப் பருந்துகிட்ட இருந்து காப்பாத்தின கோழியோட பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. இப்படியே நூத்துக்கணக்கான தலைமுறை போச்சு. யாரும் உக்காந்து தேர்ந்தெடுக்கலை, முறையே தேர்ந்தெடுத்துச்சு.

மெஷின் முறையில என்ன ஆகும்? அடைக்குப் படுக்கற கோழி ஒவ்வொரு தடவையும் முட்டையை நிறுத்திரும். படுக்காத கோழி வெச்சுக்கிட்டே இருக்கும். முட்டை அதிகமா யார் வெச்சாங்களோ அவங்க குஞ்சுதான் அதிகமா மெஷின்ல இருந்து வெளிய வரும். ஆக ஒவ்வொரு தலைமுறைக்கும் அடைக்குணம் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். பண்ணைக்காரர் வேணும்னு செய்யலைன்னாலும் தேயும். நாமக்கல்ல கூண்டுல நிக்கற வெள்ளை லெகார்ன் வம்சத்துல வேணும்னே தேர்ந்தெடுத்து அதைக் கிட்டத்தட்ட அழிச்சுட்டாங்க. அதனாலதான் அது வருஷத்துக்கு 300 முட்டை தாண்டுது. நம்ம கொல்லைக்கோழி 60, 70 தாண்டினாலே அதிசயம். காடை இன்னும் மோசம். பண்ணையில வளர்ற ஜப்பான் காடைக்கு அடைன்னா என்னன்னே மறந்துபோச்சு. உலகத்துல எல்லா மெஷினும் ஒரே நாள்ல நின்னா அந்த இனத்தோட கதை அன்னிக்கே முடிஞ்சுது.

அரசாங்க ஆராய்ச்சி நிலையங்கள் கொல்லைப்புறத்துக்குன்னே உருவாக்கின ரகங்களும் இருக்கு. ஹைதராபாத்து வனராஜா, கிராமப்ரியா மாதிரி. நல்ல ரகங்கள்தான். சீக்கிரம் எடை போடும், முட்டையும் தாராளம். பார்க்கறதுக்கும் நாட்டுக்கோழி மாதிரியே கலர் கலரா இருக்கும். ஆனா அடைக்குப் படுக்காது. அடுத்த செட்டு வேணும்னா திரும்பப் போய்க் குஞ்சு வாங்கணும். ஒரு கிராமத்துல அம்பது வீட்டுக்கு இதைக் கொடுத்தா முதல் வருஷம் எல்லா வீட்டுலயும் கோழி. மூணாவது வருஷம்? வித்தது போக, தின்னது போக, செத்தது போகக் காலிக்கூண்டுதான்.

இங்கதான் எனக்குக் கவலை ஆரம்பிக்குது. கோழி அடைக்குப் படுக்குதாங்கற கேள்வி, விதை யார் கையில இருக்குங்கற கேள்வி. பருத்தியில நம்ம பக்கத்து விவசாயிக்கு இது நல்லாவே தெரியும். ஹைப்ரிட் விதை வந்த பிறகு வருஷா வருஷம் பாக்கெட் வாங்கித்தான் ஆகணும். பிராய்லரும் அதே கதை. ஒப்பந்த முறையில குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, கோழி கம்பெனியோடது. ஷெட்டும் கரண்ட் பில்லும் ராத்திரித் தூக்கமும் மட்டும் நம்முது. வளர்ப்புக் கூலி உண்டு, கோழி கிடையாது.

2012-ல பெருந்துறையில ஈமு கம்பெனிகள் விழுந்தது ஞாபகம் இருக்குமே. மாசாமாசம் பணம் வரும்னு நம்பி எத்தனை பேர் நகையை வித்துப் போட்டாங்க. கடைசியில பட்டியில நின்ன பறவைக்குத் தீனி போடவும் ஆள் இல்லாம அரசாங்கம் தலையிட வேண்டியதாச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ஈமுவுல அடை காக்கறது ஆண் பறவை. எட்டு வாரம் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு உக்காந்திருக்கும். அப்பேர்ப்பட்ட அப்பனைக் கொண்டுவந்தும், நம்ம ஆளுங்க கையில இருந்தது கம்பெனி கொடுத்த குஞ்சும் கம்பெனி கொடுத்த வாக்கும்தான். அதே காலத்துல "நாட்டுக்கோழி வளர்ப்பு"ன்னு சொல்லி முதலீடு வாங்கின கம்பெனிகள் மேலயும் வழக்கு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, வீட்டுல ரெண்டு அடைக்கோழி இருக்கறவனுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சை யாராவது ஸ்கீம் போட்டு விக்க முடியுமா?

இன்னொண்ணும் சொல்லணும். தெருவுல பச்சை, ரோஸ், மஞ்சள்னு சாயம் அடிச்ச குஞ்சுகளைக் கூடையில வெச்சு விப்பாங்களே, பார்த்திருப்பீங்க. நம்மள்ல பாதிப்பேர் சின்னப்பிள்ளையில வாங்கி மூணாம் நாள் புதைச்சவங்கதான். அதெல்லாம் பெரும்பாலும் முட்டைக்கோழி ஹேச்சரியில கழிச்சுவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டை வைக்காது, கறியும் பிடிக்காது, அதனால அதுக்கு மதிப்பு இல்லை. தெருவுக்கு வந்தது போக மிச்சத்தைப் பொரிச்ச அன்னிக்கே கொன்னுடறது உலகம் முழுக்க வழக்கம். ஜெர்மனியில 2022-லிருந்து இதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க. அடைக்கோழிக்கு அடியிலயும் பாதிக்குப் பாதி சேவல்தான் பொரிக்குது. ஆனா நம்ம கொல்லையில அந்தச் சேவலுக்குத்தான் மதிப்பே. பொங்கலுக்கு ஒண்ணு, கருப்பராயன் கோயிலுக்கு ஒண்ணு, அவசரத்துக்கு வித்தா கைச்செலவுக்குக் காசு. அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க கையில நிக்கற காசு. யார்கிட்டயும் கேட்க வேண்டாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

இப்ப எதிர்த்தரப்பு. நண்பர் ஒருத்தர் தெர்மோகோல் பெட்டி, பல்பு, தெர்மோஸ்டாட் வெச்சு அவரே இன்குபேட்டர் செஞ்சு ஓட்டறார். அவரோட வாதம் மூணு. ஒண்ணு, அடையில உக்காரற நாள் எல்லாம் முட்டை நஷ்டம். அடை தெளிய வெச்சா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப முட்டைக்கு வரும், வருஷத்துக்கு ரெண்டு பங்கு முட்டை. ரெண்டு, கோழி ஒரு தடவைக்குப் பன்னெண்டு, பெட்டி அம்பது. மூணு, தாயோட திரியற குஞ்சுல பாதியைப் பருந்து தூக்கிருது, பெட்டியில பொரிச்சுக் கூண்டுல வளர்த்தா அந்தச் சேதாரம் இல்லை.

மூணும் உண்மை. மாசம் 500 குஞ்சு விக்கறவர் அடைக்கோழியை நம்ப முடியாது. ஆனா என் கேள்வி அவருக்கு இல்லை. வீட்டுல அஞ்சு கோழி, பத்துக் கோழி வெச்சிருக்கற நமக்கு. நமக்கு எதுக்குங்க அம்பது குஞ்சு? பெட்டி 21 நாள்தான் வேலை செய்யும். பொரிச்ச பிறகு மூணு நாலு வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுக்கறது யாரு? எதைக் கொத்தணும், எதைக் கொத்தக்கூடாதுன்னு காட்டறது யாரு? மேல பருந்து வந்தா ஒரு குரல், கீழ பூனை வந்தா வேற குரல். அதுக்குத் தகுந்த மாதிரி குஞ்சு பதுங்கறதும் ஓடறதும் தாய் பக்கத்துல இருந்து பழகற பழக்கம். மெஷின் குஞ்சை மூணு மாசம் கழிச்சுத் திறந்து விடுங்க, வானத்தைப் பார்க்கவே தெரியாம நிக்கும்.

அப்புறம் கரண்ட். 2012-ல கோயமுத்தூர்ல மணிக்கணக்குல கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீங்க. லேத்துப் பட்டறையில இருந்து கிரைண்டர் கம்பெனி வரைக்கும் படுத்துச்சு. அடைக்கோழிக்கு அந்தச் சேதியே தெரியாது :-)

பருந்துச் சேதாரத்துக்குப் பஞ்சாரம் இருக்கு. முதல் ரெண்டு மூணு வாரம் தாயையும் குஞ்சையும் சேர்த்துக் கவுத்து வைங்க, காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் ஆள் பார்வையில விடுங்க. பெரிய எமன் பருந்து இல்லை, கழிச்சல். வெள்ளைக்கழிச்சல்னு சொல்ற ராணிக்கெட் நோய் வந்தா கூண்டோட போயிரும். 7-ம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து, எட்டு வாரத்துல ஊசி. அரசு கால்நடை மருந்தகத்துல கோழிக்குத் தடுப்பு மருந்து போடுவாங்க, போய்க் கேளுங்க. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தா முட்டை மஞ்சக்கரு வழியா குஞ்சுக்கும் முதல் சில வாரம் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி போகும். பாட்டி காலத்துல பாதிக் குஞ்சு செத்ததுக்குக் காரணம் அடைக்கோழி முறை இல்லைங்க, தடுப்பூசி இல்லாததுதான். பழைய முறையையும் புது மருந்தையும் சேர்த்து வெச்சா கணக்கு நிறையவே மாறும்.

இனி, அடை வைக்கணும்னு நினைக்கறவங்களுக்கு. எங்க மொட்டை மாடியில நாலு கோழியோட நான் பண்றதும், ஊருல பெரியவங்க பண்றதும் கலந்து சொல்றேன்.

முட்டை ஒரு வாரத்துக்குள்ள வெச்சதா இருக்கணும், மிஞ்சிப்போனா பத்து நாள். சித்திரை, வைகாசி வெயில்ல அதைவிடவும் கம்மி, ஏன்னா சூடு ஏறினா உள்ள தூங்கற கரு அரைகுறையா முழிச்சுக்கும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல தண்ணிப்பானைக்கு அடியில இருக்கற ஈரமணல் மேல சட்டியை வெச்சு அதுல முட்டையைச் சேர்த்தாங்க. கூர்முனை கீழ இருக்கட்டும். கழுவாதீங்க, ஓட்டு மேல இருக்கற காப்புப் போயிரும். கடையில வாங்கின வெள்ளை முட்டையை வெச்சுட்டு 21 நாள் காத்திருக்காதீங்க. அந்தக் கோழி சேவல் முகத்தையே பார்த்திருக்காது.

கோழி உடம்பு அளவுக்கு ஏத்த மாதிரி ஒன்பது, பதினொண்ணு, பதிமூணு. ஆசைப்பட்டு இருபது வெச்சா ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். கூடையோ பழைய போசியோ, அடியில மணல் இல்லாட்டி உமி, மேல வைக்கோல். நடுவுல லேசாக் குழி. இருட்டான, ஈரம் படாத, நாய் பூனை எட்டாத மூலை. வைக்கறது ராத்திரியில. ராத்திரி வெச்சா இடம் மாறினதுக்குக் கோழி அவ்வளவா முரண்டு பிடிக்காது. அடைக்கு உக்காரற கோழியைத்தான் செல்லு மொய்க்கும், அதனால கூடையில வேப்பிலையும் நொச்சித்தழையும் போடுங்க, பக்கத்துல சாம்பல் கலந்த மண்ணு இருக்கட்டும். தீனியும் தண்ணியும் நாலடி தள்ளி. ரொம்பத் தள்ளி வெச்சா முட்டை ஆறிப்போகும், கூடைக்குள்ளயே வெச்சா எந்திரிக்காம அங்கயே அசிங்கம் பண்ணும்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்துல முட்டையைப் பாருங்க. செலந்தி மாதிரி செவப்பு நரம்பு பரவியிருந்தா உசிரு இருக்கு. வெறுமனே தெளிவாத் தெரிஞ்சா கூமுட்டை, எடுத்துருங்க. உள்ளயே வெடிச்சா மத்ததும் போச்சு. (நம்ம ஊர்ல ஆளுங்களைத் திட்டறதுக்கு இந்த வார்த்தையை எடுத்தவர் நிச்சயம் கோழி வளர்த்தவர்.)

இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, வரமிளகாய் மூணையும் கூடையில போட்டா இடி இடிச்சாலும் முட்டை கெடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு. இரும்பு இடியைத் தடுக்கும்னு நான் நம்பலை. ஐப்பசி மழையில முட்டை கெடறதுக்கு ஈரமும், பயந்துபோய்த் தாய் எந்திரிக்கறதும் காரணமா இருக்கலாம். ஆனா போடறதுனால நஷ்டமும் இல்லை. போடறவங்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். முட்டைக்குள்ள ஒரு உசிரு இருக்குங்கற ஞாபகத்துலதான் அதைப் போடறாங்க.

21-ம் நாள் ஓட்டை உடைச்சு உதவி பண்றேன்னு கையை வைக்காதீங்க. ரத்தக்குழாய் இன்னும் வத்தாம இருக்கும், அவசரப்பட்டா ரத்தம் போயிரும். தாய்க்குத் தெரியும்.

கடைசியா, தலைப்புக்கு வர்றேன். அடைக்கோழியை எழுப்பறதுக்கு நம்ம ஊர்ல இருக்கற வித்தைகளைப் பார்த்தாப் பாவமா இருக்கும். தண்ணியில முக்கி எடுக்கறது, மூக்குல இறகைக் குத்தி விடறது, காலைக் கட்டிப் போடறது. முட்டை வியாபாரத்துக்காக எப்பவாவது அடை தெளிய வைக்கணும்னா கம்பி அடி போட்ட, காத்தோட்டமான கூண்டுல நாலஞ்சு நாள் விட்டாலே போதும், தானா இறங்கிரும். இந்தச் சித்திரவதை எல்லாம் வேண்டாம். ஆனா ஒவ்வொரு நல்ல கோழிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடை வைக்க விடுங்க. எந்தக் கோழி பத்துக்கு எட்டு ஒன்பது பொரிச்சு, பொரிச்சதைக் காப்பாத்துச்சோ அதோட முட்டையையே அடுத்த தடவை அடைக்கு எடுங்க. சேவலும் அப்படிப்பட்ட தாய் வயித்துப் பிள்ளையா இருக்கட்டும், அடைக்குணம் அப்பன் வழியிலயும் வரும். மெஷின் வெச்சிருக்கறவங்களும் இதைச் செய்யலாம். மெஷின்ல பொரிச்ச குஞ்சை ராத்திரியோட ராத்திரியா அடைக்கோழி வயித்துக்கடியில தள்ளிவிட்டா, அன்னிக்குத் தன் குஞ்சு பொரிச்சிருக்கற கோழி பெரும்பாலும் ஏத்துக்கும். வாத்து முட்டையைக்கூட 28 நாள் உக்காந்து பொரிச்சுக் கொடுக்கற ஜீவன்தான் அது. அப்புறம் அந்தப் பிள்ளைங்க குட்டையில இறங்கினதும் கரையில நின்னு கத்திக்கிட்டே ஓடும், அது வேற கதை.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கற திட்டங்கள் வர்றது நல்லது. இருபத்தஞ்சு, அம்பதுன்னு எண்ணிக்கையில கொடுக்கறதோட, அடைக்குப் படுக்கற ரெண்டு பெட்டையும் ஒரு சேவலும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்க. குஞ்சு தீர்ந்துரும். அடைக்கோழி இருக்கற வீட்டுல தீராது.

வாங்கறவங்களுக்கும்தான். அடுத்த தடவை சந்தையில யாராவது "அசல் நாட்டுக்கோழிங்க"ன்னு சொன்னா கொண்டையைப் பார்க்காதீங்க. "இதோட தாய் அடைக்குப் படுக்குமாங்க?"ன்னு கேளுங்க. வீட்டுல வளர்த்தவங்களா இருந்தா எத்தனை வெச்சோம், எத்தனை பொரிச்சது, எதைப் பருந்து தூக்குச்சுன்னு பத்து நிமிஷம் பேசுவாங்க. பதில் வராட்டி நீங்க புரிஞ்சுக்கலாம்.